ஏடிவி: எத்தனை சிசி? யாருக்கு?

குளிர்காலம் வந்தால் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடும். அப்போதும் விற்க ஒரு வண்டி வேண்டுமே! அதற்காக 1970ல் ஹோண்டா கொண்டுவந்ததுதான் யூஎஸ்90. மூன்று சக்கரம், பலூன் போன்ற டயர்கள், 89 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், 7 குதிரைத்திறன். பாதையே இல்லாத பனியிலும் மணலிலும் ஓடியது. ஏடிவி பிறந்த கதை இது.

பிறகு வேகத்துக்கு மவுசு கூடியது. 1981ல் 250 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியே வந்துவிட்டது. மூன்று சக்கரமோ திருப்பங்களில் எளிதில் கவிழும். சிறுவர்களும் பெரிய வண்டிகளை ஓட்டினார்கள். உயிர்கள் போயின.

1988ல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, நிறுவனங்கள் மூன்று சக்கர வண்டி விற்பனையை நிறுத்தின. 90 சிசிக்கு மேற்பட்டவை 16 வயது நிரம்பியவர்களுக்கே என்றும் ஒப்புக்கொண்டன.

எத்தனை சிசி என்று கேட்கும் முன், ஓட்டப்போவது யார் என்று கேட்பது அதனால்தான்.