அலமாரியில் நாலு விமானம், ஒரு மரணச் சான்றிதழ்

1/
என் கிளினிக்ல மேசைக்குப் பின்னாடி ஒரு கண்ணாடி அலமாரி. அதுல நாலு குட்டி விமானம் நிக்கும். வாரத்துக்கு ஒருத்தராவது கேட்பாங்க: "எந்த மருந்து கம்பெனி குடுத்தது டாக்டர்?"

யாரும் குடுக்கல. ஒவ்வொண்ணா தேடி, காசு குடுத்து வாங்கினது. நாலும் ஒரே கம்பெனி விமானம். பேர் பான் ஆம். அந்தக் கம்பெனி 1991 டிசம்பர் 4ஆம் தேதி செத்துப்போச்சு.

2/
போன மாசம் ஒரு பெரியவர் வந்தார். 15 வருஷமா சுகர். வலது கால் கட்டைவிரல்ல புண். "தோட்டத்துல முள்ளு குத்திடுச்சு சார். எல்லாம் அந்த முள்ளால வந்த வினை" என்றார்.

கட்டுப் போடும்போது அலமாரியைப் பார்த்தார். "இது பான் ஆம் தானே? பாவம், குண்டு வெச்சு ஒழிச்சுட்டாங்க."

3/
ரெண்டு வாக்கியத்துலயும் இருக்கிறது ஒரே தப்புன்னு அன்னைக்கு ராத்திரிதான் எனக்கு உறைச்சது. இந்த த்ரெட் அதைப் பத்தி. கொஞ்சம் நீளம் மக்களே. ஒரு டீ போட்டுட்டு உட்காருங்க.

4/
முதல்ல இந்தப் பொம்மைகளைப் பத்தி. இது குழந்தைங்க விளையாடுறது இல்ல. நிஜ விமானத்தை அளவு பிசகாம சுருக்கின உலோக மாடல். சேகரிக்கிறவங்க அதிகம் வாங்குறது 1:400, 1:200, 1:500 அளவுகள். 1:400ன்னா நிஜத்துல 400ல ஒரு பங்கு. 70 மீட்டர் நீளமுள்ள ஜம்போ ஜெட் என் அலமாரியில் பதினேழரை சென்டிமீட்டர்.

5/
சேகரிக்கிறவங்க "747 இருக்கா?"ன்னு மட்டும் கேட்க மாட்டாங்க. "எந்த நம்பர்?"னு கேட்பாங்க. ஒவ்வொரு விமானத்துக்கும் நம்ம வண்டி நம்பர் மாதிரி ஒரு பதிவு எண் உண்டு. பான் ஆமில் கூடவே ஒரு பெயரும் உண்டு. பழைய பாய்மரக் கப்பல் வகையை நினைச்சு பெயர்ல 'கிளிப்பர்'னு ஒரு சொல் இருக்கும். நம்பரும் பெயரும் தெரிஞ்சா அந்த விமானத்தோட முழு ஜாதகமும் கைக்கு வந்துடும். நான் மாட்டிக்கிட்டது அங்கதான்.

6/
முதல் மாடல்: போயிங் 314. இது மட்டும் 1:200. கடல்ல இறங்குற பறக்கும் படகு. மொத்தம் 12 தான் செஞ்சாங்க. இன்னைக்கு உலகத்துல ஒண்ணுகூட மிச்சம் இல்ல. பார்க்கணும்னா மாடல்தான் கதி.

1927ல் ஃப்ளோரிடாவின் கீ வெஸ்டிலிருந்து கியூபாவின் ஹவானாவுக்குத் தபால் மூட்டை தூக்கிப் பிழைக்க ஆரம்பிச்ச கம்பெனி, 12 வருஷத்துல அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி ஆள் ஏத்திக்கிட்டுப் போனது இந்த ரகத்துலதான்.

7/
இதுல ஒண்ணு நம்ம திருகோணமலைக்கும் வந்திருக்கு. 1941 டிசம்பர். பசிபிக் கிளிப்பர் நியூசிலாந்தை நெருங்கும்போது பேர்ல் ஹார்பர் தாக்குதல் செய்தி வந்தது. வந்த வழியே திரும்ப முடியாது. கேப்டன் ராபர்ட் ஃபோர்டுக்கு வந்த உத்தரவு: மேற்கே பறந்து, உலகத்தையே சுத்தி வீடு வந்து சேரு.

8/
சுரபாயாவிலிருந்து திருகோணமலை வரைக்கும் கார் பெட்ரோல் ஊத்திப் பறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் திருகோணமலையில் இருந்து கிளம்பின கொஞ்ச நேரத்துல ஒரு இன்ஜின் மக்கர். திரும்பி இறங்கி, கிறிஸ்துமஸ் அன்னைக்கு ரிப்பேர் வேலை. 26ஆம் தேதி கராச்சிக்குக் கிளம்பி, அரேபியா, ஆப்பிரிக்கா, பிரேசில் வழியா 1942 ஜனவரி 6 அன்று நியூயார்க். இப்படி ஒரு ஊழியர் கூட்டம் இருந்த கம்பெனி அது. இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

9/
ரெண்டாவது மாடல்: 707. பான் ஆமை நடத்தினவர் ஹுவான் டிரிப். 1955ல் மத்தவங்க எல்லாம் விசிறி விமானமே போதும்னு இருந்தப்ப, இவர் ஒரே மூச்சில் 20 போயிங் 707, 25 டிசி-8 என்று 45 ஜெட் ஆர்டர் குடுத்தார். 1958 அக்டோபர் 26: நியூயார்க் டு பாரிஸ் 707 சேவை தொடக்கம். பெரிய பந்தயம், பெரிய ஜெயிப்பு.

என் அனுபவத்துல, ஒரு தடவை பத்தியம் மீறி ஒண்ணும் ஆகாதவர்தான் அடுத்த தடவை பயமில்லாம மீறுவார்.

10/
மூணாவது மாடல்: 747. 1966ல் டிரிப் 25 ஜம்போக்களுக்கு ஆர்டர் குடுத்தார். விலை 52.5 கோடி டாலர். 707 மாதிரி ரெண்டு மடங்குக்கும் மேல ஆள் பிடிக்கிற விமானம். கூட்டம் வந்தா லாபம் கொட்டும். கூட்டம் வரலன்னா? விமானம் சேவைக்கு வந்தது 1970ல். பொருளாதாரம் மந்தம். 1973ல் எண்ணெய் விலை எகிறியது. காலி இருக்கையோடு ஜம்போ பறந்தது, வட்டி மட்டும் குறையல.

11/
இன்னொரு குறை பிறவியிலேயே இருந்தது. பான் ஆமுக்கு அமெரிக்காவுக்குள்ள பறக்க கிட்டத்தட்ட அனுமதியே இல்ல, பெரும்பாலும் வெளிநாடுதான். உள்ளூர்க்காரன் வேற கம்பெனி விமானத்துல நியூயார்க் வந்து இதுல மாறணும். ஏரி பெருசு, ஆனா வரத்து வாய்க்கால் அடுத்தவன் நிலத்துல.

12/
1978ல் அமெரிக்கா விமானத்துறைக் கட்டுப்பாடுகளை எடுத்துடுச்சு. வாய்க்கால்காரனெல்லாம் தானே ஏரி வெட்ட ஆரம்பிச்சான். பான் ஆம் அவசர அவசரமா உள்ளூர் வழித்தடத்துக்காக நேஷனல் ஏர்லைன்ஸை 1980ல் வாங்கியது. போட்டியில் விலை ஏறி, ஏற்கெனவே கடனில் இருந்த கம்பெனி இன்னும் கடனில் மூழ்கியது.

13/
அப்புறம் நடந்தது நம்ம ஊர்ல நொடிச்சுப்போன குடும்பம் செய்யறதுதான். முதல்ல நகை: நியூயார்க் தலைமை அலுவலகக் கட்டடம், 40 கோடி டாலர். அடுத்து நிலம்: இன்டர்கான்டினென்டல் ஹோட்டல்கள், 50 கோடி. 1985ல் கறவை மாடு: லாபம் குடுத்துக்கிட்டிருந்த பசிபிக் வழித்தடங்கள், யுனைடெட் நிறுவனத்துக்கு 75 கோடி. ஒவ்வொரு தடவையும் நோயாளி எழுந்து உட்கார்ந்தார். குணமாயிட்டார்னு எல்லாரும் நம்பினாங்க.

14/
இப்ப என் 747க்கு வர்றேன். வாங்கும்போது நம்பரைப் பார்க்கல. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில பார்த்தேன். என் 736 பி ஏ, கிளிப்பர் விக்டர். ஜாதகம் தேடினேன்.

1970 ஜனவரி: உலகத்தின் முதல் 747 பயணிகள் சேவை, நியூயார்க் டு லண்டன். போக வேண்டிய விமானத்தில் இன்ஜின் சூடாகி நிக்க, மாற்றாகப் போனது இதுதான்.

15/
அதே வருஷம் ஆகஸ்ட்ல இதைக் கடத்தி ஹவானாவில் இறக்கினாங்க. கடத்தப்பட்ட முதல் 747 இதுதான். ஃபிடல் காஸ்ட்ரோவே நேர்ல வந்து பார்த்து, இவ்வளவு பெரிய விமானம் இந்த ஓடுபாதையில இருந்து மறுபடி எழும்புமான்னு கேப்டன்கிட்ட விசாரிச்சார். எழும்பியது.

16/
1977 மார்ச் 27. டெனரிஃப் தீவு. பனிமூட்டம். ஓடுபாதையில் இதே விமானம் ஊர்ந்துக்கிட்டிருக்க, கேஎல்எம் 747 ஒண்ணு அனுமதி வராமலே வேகமெடுத்தது. 583 பேர் இறந்தார்கள். உலக விமான வரலாற்றில் இன்னைக்கும் மிகப் பெரிய விபத்து. பிழைச்ச 61 பேரும் பான் ஆம் விமானத்தில் இருந்தவங்க.

17/
டாக்டரா எனக்கு இதுல ஒரு கடன் இருக்கு. கேஎல்எம் இன்ஜினியர், "அந்த விமானம் இன்னும் விலகலையோ?" என்று சந்தேகம் கேட்டார். கேப்டன் விலகிடுச்சுன்னு சொல்லிட்டார். பெரியவரை எதிர்த்து ரெண்டாவது தடவை யாரும் கேட்கல. ஜூனியரும் தயங்காம பேசணும், சீனியர் காது குடுக்கணும்னு விமானத்துறை பாடம் நடத்த ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

இன்னைக்கு ஆபரேஷன் தியேட்டர்ல கத்தி வைக்கும் முன்னாடி நர்ஸ் உட்பட எல்லாரும் பேர் சொல்லி, நோயாளி யார், எந்தப் பக்கம்னு சரிபார்க்கிறோம். 2008ல் உலக சுகாதார நிறுவனம் குடுத்த அந்தப் பட்டியலுக்கு வழிகாட்டியது விமானிகள்தான்.

18/
பான் ஆம்னு சொன்னா நம்ம நாட்டுல நினைவு வர்ற பேர் நீர்ஜா பானோட். 1986 செப்டம்பர் 5. பம்பாயிலிருந்து வந்த 747, கராச்சியில் கடத்தப்பட்டது. அவர் எச்சரிக்கை குடுத்ததால விமானிகள் வெளியேறிட்டாங்க, விமானத்தை ஓட்டிட்டுப் போக முடியல. கடத்தல்காரங்க அமெரிக்கர்களைத் தேடினப்ப, பணிப்பெண்கள் பாஸ்போர்ட்களை மறைச்சாங்க. கடைசியில் துப்பாக்கிச் சூடு. நீர்ஜா ஒரு கதவைத் திறந்து பயணிகளை வெளியே அனுப்பினார், தான் போகல. 23வது பிறந்தநாளுக்கு ரெண்டு நாள் இருந்தது. இறந்தபின் அசோக சக்ரா விருது.

19/
1:400 அளவுல ஒரு மனுஷி நாலு மில்லிமீட்டர். மாடல்ல ஆள் யாரும் இருக்க மாட்டாங்க. கதவுங்கறது பெயின்ட்ல போட்ட ஒரு கோடு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவங்க நினைப்பு வரும்.

20/
1988 டிசம்பர் 21. ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல, விமானம் 103 குண்டு வெடிச்சுச் சிதறியது. விமானத்தில் 259 பேர், தரையில் 11 பேர். விமானத்தின் பெயர் கிளிப்பர் மெய்ட் ஆஃப் தி சீஸ், நம்பர் என் 739 பி ஏ. அந்த நம்பர் மாடலை நான் வாங்கல, வாங்கவும் மாட்டேன். டெனரிஃப் விமானத்தை வெச்சுக்கிட்டு இதை ஒதுக்குறதுல லாஜிக் இல்லைதான். அது விபத்து, இது கொலை. மனசுக்கு அவ்வளவுதான் தெரியுது.

21/
அந்த 270 பேரின் சாவுக்கு ஒரே காரணம் குண்டு. அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா கம்பெனியின் சாவுக்கு?

நாங்க மரணச் சான்றிதழ் எழுதும்போது "இதயம் நின்றது"ன்னு எழுதக் கூடாது. எல்லாருக்கும் கடைசியில் இதயம் நிக்கத்தான் செய்யும். உடனடிக் காரணம், அதுக்குக் காரணம், அதுக்கும் அடியில இருக்கிற மூலகாரணம்னு வரிசையா எழுதணும். ஒவ்வொண்ணும் எவ்வளவு காலமா இருந்ததுன்னும் எழுதணும். பான் ஆமுக்கு என் சான்றிதழ் இது:

22/
(அ) உடனடிக் காரணம்: கைக்காசு தீர்ந்தது. உதவிக்கு வந்த டெல்டா நிறுவனம் பணத்தை நிறுத்தியது. காலம்: சில நாட்கள்.

(ஆ) அதற்குக் காரணம்: லாக்கர்பிக்குப் பின் பயணிகளின் பயம், 1990 வளைகுடா நெருக்கடி, எரிபொருள் விலை. காலம்: 3 வருஷம்.

(இ) மூலகாரணம்: தாங்க முடியாத ஜம்போ கடன், சொந்த வரத்து வாய்க்கால் இல்லாமை. காலம்: 20 வருஷத்துக்கும் மேல்.

துணைக் காரணம்: கறவை மாட்டை விற்றது.

23/
நாலாவது மாடல் 727. 1991 டிசம்பர் 4, கிளிப்பர் குட்வில், பார்படோஸ் டு மயாமி. பான் ஆமின் கடைசிப் பயணம். மயாமி ஓடுபாதை மேல ஒரு முறை தாழப் பறந்து காட்டிட்டு இறங்கியது. 64 வருஷம் முன்னாடி தபால் மூட்டையோட கிளம்பின அதே ஃப்ளோரிடா.

திருகோணமலையில் கிறிஸ்துமஸ் அன்னைக்கு இன்ஜின் கழட்டினவங்களும், கராச்சியில் கதவைத் திறந்தவரும் வேலை பார்த்த கம்பெனி. நல்ல ஆட்கள் இருந்தாங்க. ஆனா உள்ளே இருந்த நோய்க்கு அது மருந்து இல்ல.

24/
போன வாரம் அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். இந்தக் கதையைச் சுருக்கமா சொன்னேன். கேட்டுட்டு, "அப்ப குண்டுக்குப் பங்கே இல்லையா சார்?" என்றார்.

"இருக்கு. உங்க காலுக்கு முள்ளுக்கு எவ்வளவு பங்கு இருக்கோ அவ்வளவு. அதே தோட்டத்துல உங்க பேரனுக்கும் முள்ளு குத்தும். 'ஆ'ன்னு கத்துவான், பிடுங்கிப் போடுவான், ரெண்டு நாள்ல ஆறிடும். உங்களுக்குக் குத்தினதே தெரியல. நாலு நாள் கழிச்சு சாக்ஸ்ல சீழ் பார்த்துத்தான் வந்தீங்க."

25/
கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "மூணு மாச சராசரி டெஸ்ட் எழுதிக் குடுங்க" என்றார். ரெண்டு வருஷமா நான் சொல்லி அவர் தட்டிக்கழிச்ச டெஸ்ட். விரல் இன்னும் இருக்கு. காப்பாத்திடலாம்னுதான் நினைக்கிறேன்.

26/
சுகர் உள்ளவங்க இன்னைக்குத் தூங்கப் போகும் முன்னாடி உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் ஒரு தடவை பாருங்க. குனிய முடியலன்னா கண்ணாடி வெச்சுப் பாருங்க, இல்ல வீட்டுல யாரையாவது பார்க்கச் சொல்லுங்க. வலி இல்லைங்கறதை நம்பாதீங்க.

அலமாரி விமானத்தைப் பார்க்கணும்னா கிளினிக் பக்கம் வாங்க. புண்ணு வர்றதுக்கு முன்னாடியே வாங்க.