தொழிலாளியிடம் கேட்ட வினா

நோயாளியைக் காணவரும் வைத்தியர் அவருடைய உணவைப் பற்றிக் கேட்பர். உறக்கத்தைப் பற்றிக் கேட்பர். “நீர் செய்யும் தொழில் யாது?” என்று கேட்கும் வழக்கமோ ஐரோப்பிய மருத்துவத்தில் நெடுங்காலம் வேரூன்றவில்லை. அவ்வினாவையும் தவறாது கேட்டல் வேண்டும் என நூலெழுதி வற்புறுத்தியவர், இத்தாலி நாட்டு மருத்துவ அறிஞரான பேர்னார்டினோ றமாசினி ஆவர்.

மொடேனா நகரிலிருந்த அவருடைய இல்லத்தில் ஒருநாள் மலக்குழியைத் துப்புரவு செய்யும் வேலை நடைபெற்றது. குழியில் இறங்கிய தொழிலாளி பதைபதைப்போடு விரைந்து வேலை செய்வதைக் கண்ட றமாசினி, அதன் காரணத்தைக் கேட்டார். நான்கு மணி நேரத்துக்கு மேல் அங்கே நிற்பவனுக்குக் கண்பார்வை கெட்டுவிடும் என்பதே அவன் கூறிய மறுமொழி. அவன் வெளியே வந்ததும் அவனுடைய கண்களைச் சோதித்த றமாசினி, அவை சிவந்து மங்கியிருப்பதைக் கண்டார். அதே தொழிலைச் செய்து பார்வையிழந்து, நகரில் இரந்துண்டு வாழ்ந்தோர் பலர் என்பதும் அவருக்குப் புலனாயிற்று. இவ்வாறு தொடங்கிய ஆராய்ச்சி 1700ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. 40க்கு மேற்பட்ட தொழில்களால் விளையும் நோய்களை அது விளக்கிற்று. குழியின் கொடுமையை முதலில் அறிந்திருந்தவன் தொழிலாளி. அவன் சொல்லைச் செவிமடுத்தமையே மருத்துவரின் பெருமை.

இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் அலிஸ் ஹமில்ற்றன் என்னும் பெண் மருத்துவர் இவ்வழியே சென்றார். தொழில்நோய்களை ஆராயுமாறு 1910ஆம் ஆண்டில் அம்மாநிலம் அவரைப் பணித்தது. ஈயத்தைப் பயன்படுத்தும் ஆலைகளுக்கு அவர் நேரிற் சென்றார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். தொழிலாளரின் இல்லங்களுக்கும் சென்று விசாரித்தார். ஈயத் தூசியும் புகையும் உடலை நஞ்சாக்குதலை அவர் சான்றுகளோடு நிறுவினார். 1911ஆம் ஆண்டில் தொழில்நோய்த் தடுப்புச் சட்டமொன்று அம்மாநிலத்தில் இயற்றப்பட்டது.

கேட்டறிதலும் நேரிற் காண்டலும் மட்டும் போதுமா? இதற்கு விடை தருவது போபால் நகரின் துயரம். அங்கே யூனியன் கார்பைட் பூச்சிகொல்லி ஆலையை 1982ஆம் ஆண்டில் ஆராய்ந்த வல்லுநர், பல குறைகளைப் பட்டியலிட்டனர். ஆலையை இயக்கும் ஊழியர் அடிக்கடி விலகிச் செல்வதும் அப்பட்டியலில் இடம்பெற்றது. பழகியவர் போய்ப் புதியவர் வருமிடத்திற் பயிற்சியின் தேவை பெருகும் என்பது வெளிப்படை. எனினும் பயிற்சிக்காலம் சுருங்கியதென்று பின்னாளிற் பணியாளர் கூறினர். 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி இரவு, நீர் புகுந்த கொள்கலனிலிருந்து நச்சுவாயு வெளியேறியபோது, குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரமும் இயங்கும் நிலையில் இருக்கவில்லை. ஆலையினுள் இருந்தோர் பலர் காற்றின் எதிர்த்திசையில் ஓடி உயிர்தப்பினர். அத்திசையறிவு ஊர்மக்களுக்கு ஊட்டப்படவில்லை. உறக்கத்திலிருந்து எழுந்தோடியோர் ஆயிரக்கணக்கில் மாண்டனர்.

இத்துயரின் பின், 1948ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 1987ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. ஆபத்தான பொருள்களைக் கையாளும் ஆலைகள், அவற்றின் இயல்பையும் காப்பு முறைகளையும் தொழிலாளருக்கு மட்டுமன்றி அயலில் வாழ்வோருக்கும் அறிவித்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. தொழிலாளரும் நிர்வாகத்தினரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவுக்கும் அது வழிவகுத்தது.

எத்தொழிலாளிக்கு எப்பயிற்சி வேண்டும் என்பதை மேசையருகே அமர்ந்து தீர்மானித்தல் இயலாது. குழியில் நிற்பவனைக் கேட்டல் வேண்டும். அவன் நிற்கும் இடத்தைச் சென்று காணல் வேண்டும். கண்டதை அவனுக்கும் அவனுடைய அயலவருக்கும் விளங்கும் மொழியில் உரைத்தல் வேண்டும். இம்மூன்றில் இறுதியானது தவறுமாயின், முன்னைய இரண்டும் ஏட்டளவில் நின்றுவிடும் என்பதே போபால் புகட்டிய பாடம்.