நாற்காலி வந்த வழி: கடைத் தொழிலாளரின் உட்காரும் உரிமை, 1881–2021

2021 செப்டம்பர் 6 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் ஒரு சின்னஞ்சிறு திருத்த மசோதாவைத் தாக்கல் செய்தார். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற புதிய பிரிவைச் சேர்ப்பது அதன் நோக்கம். கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரியும் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் நிலை கூடாது. பிரிவு சொல்வது இவ்வளவுதான்.

வேலை இல்லாத சில நிமிடங்களில் ஒருவர் உட்காருவதற்கு ஏன் சட்டம் தேவைப்பட்டது? வணிக அறம் என்றதும் நமக்கு நினைவு வருவன எடைக்கல், கலப்படம், நியாய விலை, கொடுத்த வாக்கு ஆகியவை. எல்லாமே வாங்குபவருக்கு விற்பவர் காட்ட வேண்டிய நேர்மை. கல்லாவுக்கு இந்தப் பக்கம், அதே கடைக்குள் நிற்பவரிடம் முதலாளிக்கு என்ன கடமை என்ற கேள்வி மிகப் பிந்தியே எழுந்தது. அது எழுந்த இடங்களில் எல்லாம் நாற்காலி ஒரு வழக்குப் பொருளாகி நின்றிருக்கிறது. வாடிக்கையாளர் வராத நேரம் யாருக்குச் சொந்தம், சம்பளம் கொடுத்தவருக்கா, நிற்பவருக்கா என்பதே அந்த வழக்கின் உள்ளடக்கம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

மெத்தைக் கடையும் கவுன்டரும்

நின்றுகொண்டு விற்பது நம் வழிவழி வந்த வழக்கம் அல்ல. பழைய ஜவுளிக்கடைகளில் வெள்ளைத் துணி விரித்த மெத்தை கிடக்கும். கணக்குப்பிள்ளை சாய்வுமேசை முன்னால் சம்மணமிட்டிருப்பார். புடவை எடுக்க வந்தவர்கள் எதிரே உட்கார, விற்பவரும் உட்கார்ந்தபடியே மடிப்பைப் பிரித்து விரித்துக் காட்டுவார். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகள் சிலவற்றில் இந்த ஏற்பாடு இன்றும் உண்டு. அங்கும் ஏவலாள் நின்றுகொண்டுதான் இருந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. மேல் அலமாரியிலிருந்து மூட்டை இறக்கிய பையனுக்கு அந்த மெத்தையில் இடம் கிடையாது. ஆனால் விற்பனை என்ற வேலை உட்கார்ந்து செய்யக்கூடியது என்பதை யாரும் சந்தேகித்ததில்லை.

கவுன்டரோடு வந்தது நிற்கும் விற்பனையாளர். பாரிஸில் 1852 முதல் அரிஸ்டீட் பூசிக்கோ வளர்த்தெடுத்த போன் மார்ஷே போன்ற பேரங்காடிகள் விலையை நிலையாக எழுதி வைத்தன. வாங்காதவரும் உள்ளே வந்து சுற்றிப் பார்க்கலாம் என்றன. வாங்குபவருக்கு இது பெரிய விடுதலை. அதே நேரத்தில் கடை ஒரு மாளிகையாகவும், வந்தவர் அதன் எசமானராகவும், விற்பவர் அந்த மாளிகையின் பணியாளராகவும் மாறினர். எசமானர் முன்னால் பணியாள் உட்காரக் கூடாது என்ற வீட்டு வழக்கம் அப்படியே கடைக்குள் குடியேறியது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர்ஸ் போன்ற கடைகள் வழியே இங்கு வந்து சேர்ந்ததும் அந்த ஏற்பாடுதான். நம் ஊரில் அதற்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க எதுவும் இருக்கவில்லை. பெரியவர் முன், பண்ணையார் முன், மேல்சாதியார் முன் எழுந்து நிற்க வேண்டும் என்ற கட்டளை ஏற்கெனவே உடம்பில் ஊறிப்போயிருந்தது. பிற்காலத்து ஜவுளி முதலாளிகள் உட்காரும் ஊழியரைக் கண்டு எரிச்சல்பட்டதில் வியாபாரக் கணக்கைவிட இந்தப் பழைய கட்டளையின் பங்கே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிப்பது கடினம், ஆனால் வேறு எந்த விளக்கமும் முழுதாகப் பொருந்தவில்லை.

நியூயார்க், லண்டன்

கடைப்பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 1881-லேயே சட்டம் இயற்றிவிட்டது. அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. கடைக்காரர்கள் இருக்கைகளை வாங்கிப் போட்டார்கள். அவற்றில் உட்கார்ந்த பெண்களைக் கண்டித்தார்கள். சட்டத்தின் எழுத்து நிறைவேறியது, கால்வலி அப்படியே இருந்தது. உழைக்கும் பெண்கள் சங்கம் இந்த நிலைமைகளைத் திரட்டி 1890-இல் பொதுக்கூட்டத்தில் வைத்தது. அதன் தொடர்ச்சியாக 1891-இல் ஜோசஃபின் ஷா லோவெல் தலைமையில் நியூயார்க் நுகர்வோர் கழகம் உருவானது. ஊழியர்களை ஒழுங்காக நடத்தும் கடைகளின் பெயர்களை அது ‘வெள்ளைப் பட்டியல்’ என்று அச்சிட்டு வெளியிட்டது. பட்டியலில் இடம்பெறும் நிபந்தனைகளுள் ஒன்று, இருக்கை இருப்பதோடு அதில் உட்காரவும் விட வேண்டும் என்பது. முதல் பட்டியலில் தேறிய கடைகள் எட்டே எட்டு.

வாங்குபவரின் மனசாட்சியை நம்பிய முயற்சி இது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடை தேர்ந்தவர்கள் வசதியான வீட்டுப் பெண்கள். கடைப்பெண்கள் தாமே பேச முடியாத இடத்தில் வாடிக்கையாளர் பேசினார். அதன் வரம்பும் அதுவே: வாடிக்கையாளர் மறந்தால் கடையும் மறந்துவிடும்.

இங்கிலாந்தில் விவகாரம் வேறு வழியில் போனது. 1880-லேயே ‘லான்செட்’ மருத்துவ இதழ் கடைப்பெண்கள் நாள் முழுக்க நிற்பதன் உடற்கேட்டைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தது. ஜவுளிக்கடைப் பயிற்சியாளாகப் பதினான்கு வயதில் வேலைக்குச் சேர்ந்த மார்கரெட் பாண்ட்ஃபீல்ட், 1890-களின் பிற்பகுதியில் பெண்கள் தொழில் மன்றத்துக்காகக் கடை கடையாக வேலைக்குச் சேர்ந்து உள்ளிருந்தே தகவல் திரட்டினார். சங்கப் பத்திரிகையில் புனைபெயரில் எழுதினார். பின்னாளில், 1929-இல், பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரானவர் இவரே. கிடைத்த துறை தொழிலாளர் துறை.

1899-இல் நிறைவேறிய கடை உதவியாளர் இருக்கைச் சட்டத்தைக் காமன்ஸ் சபையில் முன்னெடுத்தவர் சர் ஜான் லபக். வங்கி விடுமுறைகளைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்த அதே மனிதர். பிரபுக்கள் சபையில் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் அதை எடுத்துச் சென்றார். பிரதமர் சாலிஸ்பரியின் எதிர்ப்பையும் மீறித்தான் சட்டம் வந்தது. மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை என்பது அதன் கணக்கு. மூன்று பேரில் இருவர் எப்போதும் நிற்பார்கள் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது என்று இன்றைய வாசகர் சிரிக்கலாம். ஆனால் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு கடமையை அது உருவாக்கியது. ஆய்வாளர் வந்து தலைகளையும் இருக்கைகளையும் எண்ணிவிட்டுப் போகலாம்.

ஆண்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. பெண்ணுடல் மெலிது, தாய்மைக்குக் கேடு என்ற வாதத்தின் மேல் கட்டப்பட்டதால் வந்த குறை இது. அலுவலகங்கள், கடைகள், ரயில்வே வளாகங்களுக்கான 1963-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை நேர்செய்தது. ஆண், பெண் என்ற வேறுபாடு மறைந்தது. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் குறைந்தபட்சமாக நிலைத்தது. வேலைக்கு இடையூறு இல்லாதபோது இருக்கையைப் பயன்படுத்த அனுமதிப்பது முதலாளியின் கடமை என்றும் தெளிவாக எழுதப்பட்டது. மறு ஆண்டே, 1964-இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 120-ஆம் உடன்படிக்கை இருக்கை தருவதையும் அதைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்புத் தருவதையும் ஒரே வாக்கியத்தில் இணைத்தது. நியூயார்க் கற்ற பாடம் உலக விதியாக எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

தொழிற்சாலைக்கு ஒன்று, கடைக்கு ஒன்று

இந்தியாவின் கதையில் விசித்திரமான ஒரு பிளவு இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டியிருக்கும் எல்லாத் தொழிலாளருக்கும் உட்கார வசதி செய்யச் சொன்னது. இடையில் கிடைக்கும் ஓய்வு வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்வதற்காக என்று காரணமும் சொன்னது. 1937-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்களுக்கு மட்டும் இருந்த ஏற்பாடு, இங்கே ஆண்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

அதற்கு ஓராண்டு முன்னால் சென்னை மாகாணம் இயற்றிய கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் வேலை நேரம் உண்டு: நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. வார விடுமுறை உண்டு. தூய்மை, காற்றோட்டம், வெளிச்சம், தீத்தடுப்பு எல்லாம் உண்டு. இருக்கை இல்லை. தறி ஓட்டுபவர் உட்காரலாம், அந்தத் தறியில் நெய்த துணியை விற்பவர் உட்காரும் உரிமையைப் பற்றிச் சட்டத்துக்குச் சொல்ல எதுவும் இல்லை என்ற நிலை 74 ஆண்டுகள் நீடித்தது.

ஏன் விட்டுப்போனது? ஆலைகளில் சங்கம் இருந்தது. சென்னையில் 1918-லேயே, பி.பி. வாடியா தலைமையில், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிவிட்டது. கடைச் சிப்பந்திகள் அப்படித் திரளவில்லை. நாலைந்து பேர் வேலை பார்க்கும் கடை, முதலாளியே கல்லாவில். பல இடங்களில் சொந்தக்காரர் பிள்ளையே சிப்பந்தி. அண்ணாச்சி கடையில் ‘தொழிலாளர்’ என்று தன்னை யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. மேலும், அன்றைய சிறு கடையில் மத்தியானம் ஆள் வராதபோது பையன் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வான். தடுக்க ஆளில்லாத இடத்தில் உரிமை கேட்கும் தேவையும் எழவில்லை.

பல மாடி ஜவுளி, நகை, பாத்திரக் கடைகள் வந்தபோது அந்த மூட்டை காணாமல் போனது. மாடிக்கு மாடி சூப்பர்வைசர், பின்னர் சிசிடிவி. தெற்கு மாவட்டங்களிலிருந்து கூட்டிவரப்பட்ட இளைஞர்கள் கடை முதலாளி தந்த விடுதியிலேயே தங்கினார்கள். உண்பதும் உறங்குவதும்கூட அவர் கண்ணுக்குள்தான். சென்னை ரங்கநாதன் தெருவின் இந்த உலகத்தை 2010-இல் வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ படத்தில் காட்டியபோது, அங்கேயே தீபாவளித் துணி எடுத்தவர்கள் பலர் அதை முதல்முறையாகப் பார்த்தார்கள். நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது படத்துக்காகக் கற்பனை செய்யப்பட்டதல்ல. கனடாவின் ஒண்டாரியோவில் ஏறத்தாழ 7,300 தொழிலாளரைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்வோரைவிடப் பெரும்பாலும் நின்று வேலை செய்வோருக்கு இதயநோய் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்று கண்டது.

கோழிக்கோட்டுத் தையற்காரர்

திருப்பம் கேரளத்திலிருந்து வந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த பி. விஜி, அங்குள்ள கடைப்பெண்களைத் திரட்டிப் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உருவாக்கினார். முதல் கோரிக்கை கழிப்பறை. கழிப்பறை இல்லாததால் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். அடுத்துதான் நாற்காலிக்கான ‘இரிக்கல் சமரம்’, அதாவது உட்காரும் போராட்டம். 2014 இறுதியில் திருச்சூரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பெண் ஊழியர்கள் சிலர் தொடங்கிய போராட்டம் மூன்று மாதங்களுக்கு மேல் நீண்டது. 2018 ஜூலையில் கேரள அமைச்சரவை சட்டத் திருத்தத்துக்கு ஒப்புதல் தந்தது, அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. அபராதமும் பெருமளவு உயர்ந்தது. அதே ஆண்டு பிபிசி உலகின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரைச் சேர்த்தது.

நியூயார்க்கில் வாடிக்கையாளர் பேசினார், லண்டனில் மருத்துவரும் பிரபுவும் பேசினார்கள். கோழிக்கோட்டில் நின்றவர்களே பேசினார்கள். அதனால்தான் அங்கே உடல்நலம் மட்டும் வாதமாகவில்லை. உட்கார்ந்தால் திட்டு, சுவரில் சாய்ந்தாலும் திட்டு என்ற அவமானம் முன்னால் வந்து நின்றது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான தெருப் போராட்டம் நடந்து சட்டம் வந்ததாகச் சொல்ல முடியாது. மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு 2019 செப்டம்பர் 4 அன்று இருக்கை தரும் யோசனையை ஒருமனதாக ஏற்றது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்ற அரசாணை வந்ததும் அதே 2019-இல்தான். கடை திறந்திருக்கும் நேரத்தை நீட்டும் ஆணை உடனே நடப்புக்கு வந்தது. நாற்காலிக்கு இரண்டு ஆண்டுகளும் ஓர் ஆட்சி மாற்றமும் தேவைப்பட்டன.

22-அ பிரிவின் வலிமை அதன் அகலம். 1947 சட்டத்தில் ‘நிறுவனம்’ என்பது உணவகம், தங்கும் விடுதி, திரையரங்கு எல்லாவற்றையும் உள்ளடக்கும். ஆகவே ஓட்டல் சப்ளையரும் இதற்குள் வருகிறார். மூன்றுக்கு ஒன்று என்ற பழைய விகிதத்தையும் அது தாண்டிவிட்டது. எல்லா ஊழியருக்கும் என்கிறது. பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்றால், வாய்ப்புக் கிடைத்துவிட்டதைத் தீர்மானிப்பவர் யார்? சூப்பர்வைசர்தான் என்றால் 1881-க்குத் திரும்பிவிட்டோம். கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2016-இல், ஒரு மருந்துக்கடைச் சங்கிலியின் காசாளர் தொடுத்த வழக்கில், இதே கேள்வியைச் சந்தித்தது. ஊழியர் நிற்க வேண்டும் என்பது முதலாளியின் விருப்பம் என்பதே போதாது. அந்த இடத்தில் செய்யப்படும் வேலைகளைப் பார்த்து, உட்கார்ந்து செய்ய முடியுமா என்று புறநிலையாக அளக்க வேண்டும் என்றது அந்த நீதிமன்றம்.

நம் பிரிவில் அத்தகைய அளவுகோல் இல்லை. 1963 பிரிட்டிஷ் சட்டத்தைப் போல அனுமதிப்பதே கடமை என்ற வாசகமும் இல்லை. விதிகளில் சேர்ப்பதற்குத் தடையில்லை. அதுவரை, கடைக்கு வரும் தொழிலாளர் உதவி ஆய்வாளர் ரேக்குக்குப் பின்னால் அடுக்கிவைத்த ஸ்டூல்களை எண்ணலாம். கூட்டமில்லாத மூன்று மணிக்கு அவற்றில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் கேட்க வேண்டியதில்லை. கேட்டாலும், தினமும் அங்கே நிற்கும் பெண், சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கும்போது, பதில் சொல்லப் போவதில்லை.