பள்ளி மாவட்டம் (அமெரிக்கா)

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு. நாடெங்கும் ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள் உண்டு. ஹவாய் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான். பெரும்பாலானவற்றை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியம் ஆள்கிறது. வாரியத்தின் பொதுக்கூட்டத்தில் பெற்றோர் எழுந்து பேசலாம்.

விடுமுறை, பேருந்து, மதிய உணவு என எல்லாச் செய்தியும் மாவட்டத்திலிருந்தே வீட்டுக்கு வருகிறது. எந்த மொழியில் வருகிறது என்பதுதான் பெரிய கேள்வி. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீன வம்சாவளி மாணவர்களுக்காகப் பெற்றோர் தொடுத்த வழக்கில், மொழி உதவி மறுப்பது பாகுபாடே என்று 1974இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. முக்கியத் தகவல்களைத் தமக்குப் புரியும் மொழியில் பெறுவது இன்று பெற்றோரின் உரிமை.

ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளுக்கு 1965ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டரசு நிதி தருகிறது. இந்நிதியில் 5 லட்சம் டாலருக்கு மேல் பெறும் மாவட்டம், குறைந்தது 1 விழுக்காட்டைப் பெற்றோர் பங்கேற்புக்கு ஒதுக்க வேண்டும். வீடற்ற குடும்பங்களுக்கு உதவ ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அலுவலர் இருக்கிறார். முகவரிச் சான்று இல்லை என்று அக்குழந்தைகளைத் திருப்பி அனுப்ப முடியாது. மிக மனிதநேயமான விதி இது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் உணவு மையங்களைத் திறந்தது. ஓராண்டுக்குள் 10 கோடிக்கும் மேற்பட்ட உணவுப் பொட்டலங்கள் வழங்கியது. மாணவர்களோடு பெரியவர்களுக்கும் அங்கே உணவு கிடைத்தது.