தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனை: தொடக்க வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு இந்த ஆய்வைத் தந்தவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். எய்ட்ஸ் மேலைநாட்டு நோய், நம் ஊருக்கு வராது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது.

பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா இரத்தம் சேகரித்தார். எதற்கான சோதனை என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பிரித்தெடுத்த சீரத்தைச் சேமிக்க வேறு வசதி இல்லாததால் அது அவருடைய வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருந்தது. சென்னையில் அப்போது இதற்கான சோதனை வசதி இல்லை. ஆகவே 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவர் கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, இரவு ரயிலில் காட்பாடி சென்று, அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தனர். அங்கு ஜேக்கப் ஜான் தலைமையிலான பிரிவில் எலிசா சோதனை செய்யப்பட்டது. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. எச்.ஐ.வி. என்ற பெயரே அதற்குப் பின், அவ்வாண்டு மே மாதத்தில்தான் முன்மொழியப்பட்டது.

அந்த மஞ்சள் நிறம் காட்டுவது வைரஸை அன்று. வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையே அது காட்டுகிறது. எலிசா தட்டிலுள்ள சிறு குழிகளில் வைரஸின் புரதங்கள் பூசப்பட்டிருக்கும். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. அடுத்து, மனித எதிர்ப்பொருளோடு ஒட்டக்கூடிய, நொதி இணைத்த ஒரு பொருளை இட்டு மீண்டும் கழுவுவர். கடைசியாகச் சேர்க்கும் வேதிப்பொருளை அந்த நொதி நிறம் மாற்றும். ஒட்டுவதற்கு ஏதும் இல்லாத குழியில் நிறம் வராது. சரியாகக் கழுவாவிட்டால் பொய்யான நிறம் வந்துவிடும். கழுவுதலை ஆய்வகப் பணியாளர்கள் சின்ன வேலையாகக் கருதுவதில்லை.

வேலூர்க் குழுவினர் உடனே முடிவை அறிவித்துவிடவில்லை. அந்த ஆறு பெண்களிடமும் புதிதாக இரத்தம் எடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். அங்கு வெஸ்டர்ன் பிளாட் என்னும் சோதனை முடிவை உறுதிசெய்தது. இதில் வைரஸின் புரதங்கள் அளவுவாரியாகப் பிரிக்கப்பட்டு, எந்தெந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் உள்ளது என்பது தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். அதன் பிறகே, மே மாதத்தில், அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார்.

இரண்டாம் சோதனை ஏன்? மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் பேரில் 100 பேருக்குத் தொற்று இருப்பதாகவும், தொற்றில்லாத நூறு பேரில் ஒருவருக்குச் சோதனை தவறாக 'உண்டு' என்று காட்டுவதாகவும் கொள்வோம். மீதி 99,900 பேரில் 999 பேருக்குத் தவறான முடிவு வரும். உண்மையில் தொற்றுள்ளவர்களைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு! அந்த 999 பேரின் குடும்பங்களை நினைத்தால் இது வெறும் கணக்கு அன்று.

இன்று தருமபுரி போன்ற மாவட்டங்களிலும் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் விரைவுச் சோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. அறிகுறி இல்லாத ஒருவருக்குத் தொற்று உண்டு என்று சொல்ல, வெவ்வேறு வகையான மூன்று சோதனைகளிலும் அதே முடிவு வர வேண்டும். சோதனைக்கு உள்ளாகுபவரின் அறிந்த சம்மதத்தை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் கட்டாயமாக்கியுள்ளது.

எதிர்ப்பொருள் சோதனைக்கு எல்லைகளும் உண்டு. தொற்றிய முதல் சில வாரங்களில் எதிர்ப்பொருள் போதிய அளவில் உருவாகியிராது. அந்த இடைவெளியைக் குறைக்க, பி24 என்னும் வைரஸ் புரதத்தையும் சேர்த்துத் தேடும் சோதனைகளும், வைரஸின் மரபுப்பொருளையே தேடும் சோதனைகளும் வந்தன. குழந்தைகளிடம் சிக்கல் வேறு விதமானது. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் இரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கலாம். ஆகவே குழந்தையின் குதிகாலில் எடுத்த சில துளி இரத்தத்தை அட்டையில் உலர்த்தி, மரபுப்பொருள் சோதனைக்காக உரிய ஆய்வகத்துக்கு அனுப்புகின்றனர். உலர்ந்த துளிக்கு ஐஸ் பெட்டி தேவைப்படுவதில்லை.