பெட்ஸ்வால் லென்ஸும் ஆரணித் தறியும்

1840-ல வியன்னா கணிதப் பேராசிரியர் ஜோசஃப் பெட்ஸ்வால் ஒரு போர்ட்ரெய்ட் லென்ஸ் வடிவமைச்சார். அப்பர்ச்சர் எஃப் 3.6. நிமிஷக்கணக்குல ஆடாம உட்காரணும்ங்கற நிலை மாறி, ஒரு நிமிஷத்துக்குள்ளயே முகம் பதிஞ்சுது. கணக்குப் போட்டு உதவினவங்க ஆஸ்திரியப் பீரங்கிப்படைக்காரங்க. அன்னைக்குக் கம்ப்யூட்டர்னா மனுஷன்தான்!

ஆனா இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. குவியத்தளம் வளைஞ்சிருக்கறதால நடுவுல கூர்மை, ஓரத்துல கலங்கல். இன்னைக்கு அந்தக் கலங்கலுக்காகவே காசு கொடுத்து வாங்கறாங்க.

அந்த வகைப் பித்தளை லென்ஸ் ஒண்ணை இரவல் வாங்கி, ஆரணியில குழித்தறியில நெய்துகிட்டிருந்த அண்ணனைப் படம் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சமே போதுமா இருந்துச்சு. கண்ணு அவ்வளவு தெளிவு. அவர் பார்த்துட்டு, "முகம் நல்லாருக்கு தம்பி, புடவை எங்க?"ன்னார். ஜரிகைக் கரை முழுக்க ஓரத்துல கரைஞ்சிருந்துச்சு. நெசவைக் காட்டணும்னா இந்த லென்ஸ் ஆகாது.