அக்கா ஏன் வரவில்லை? ‘சார்ம்ட்’ தொடரின் நடிகர் மாற்றமும் ரசிகர் வழக்காடலும்

அமெரிக்காவின் டபிள்யூபி அலைவரிசையில் 1998 அக்டோபர் முதல் 2006 மே வரை எட்டு சீசன்களாக, 178 எபிசோடுகளாக ஓடிய ‘சார்ம்ட்’ தொடரில், செத்தவர்கள் செத்ததோடு போய்விடுவதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பழைய வீடொன்றில் வாழும் ஹாலிவெல் சகோதரிகள் மெழுகுவர்த்தி ஏற்றி மந்திரம் சொன்னால், இறந்த பாட்டி வந்து நிற்பார். புத்தி சொல்வார், வையவும் வைவார். இளம்வயதிலேயே இறந்த தாய் பேட்டியும் வருவார். கல்யாணம், குழந்தை என்று எதையும் இருவரும் விட்டுவைப்பதில்லை. 2001இல் இறந்த மூத்தவள் ப்ரூ மட்டும் கடைசிவரை வரவேயில்லை. ஏன் என்று கேட்டால், தயாரிப்புத் தரப்பை அறிந்தவர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: அந்த வேடத்தில் நடித்த ஷானன் டோஹெர்ட்டி மூன்றாம் சீசனோடு விலகிவிட்டார். இது உண்மைதான். ஆனால் ரசிகர் கேட்ட கேள்விக்கு இது விடையாகாது.

நடிகர் மாற்றத்தையொட்டி எழும் ரசிகர் சண்டைகளைப் பிடித்த முகத்தை இழந்தவர்களின் புலம்பலாகப் பார்ப்பது வழக்கம். ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட ‘டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்’ அந்த ஏளனத்தை உடைத்தது. மிஷெல் த செர்த்தோவிடமிருந்து உருவகத்தை எடுத்துக்கொண்டு, பிறர் காட்டில் புகுந்து தனக்கு வேண்டியதை வேட்டையாடிக்கொள்பவராக அவர் ரசிகரைக் காட்டினார். புதுக்கதை எழுதும் ரசிகருக்கு அது பொருந்தும். அமானுஷ்யத் தொடரைப் பற்றி வழக்காடும் ரசிகரிடம் நான் காண்பது வேட்டைக்காரரை அல்ல, உரையாசிரியரை. மூலத்தில் ஓரிடம் இன்னோரிடத்தோடு மோதினால், மூலத்தைக் கைவிடாமல் மோதலைத் தீர்ப்பது உரைகாரரின் வேலை. மோதலுக்குக் காரணம் ஏடெழுதியவரின் கைப்பிழையாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அவர் முதலில் தேடுவது நூலுக்குள் ஒரு நியாயத்தைத்தான்.

எல்லா நடிகர் மாற்றமும் இப்படி வழக்காவதில்லை. 1964இல் தொடங்கிய ‘பிவிச்ட்’ மந்திரக்காரி மனைவியின் நகைச்சுவைத் தொடர். முதுகுவலியால் டிக் யார்க் நடிக்க முடியாமல் போகவே, 1969இல் அதே கணவன் வேடத்தில் டிக் சார்ஜென்ட் வந்தார். கதையில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ‘டார்க் ஷேடோஸ்’ தொடரில் (1966–71) ஒரே நடிகர்கள் பல காலங்களில் பல வேடம் ஏற்றதால், முகம் வேறு ஆள் வேறு என்று பார்ப்பவர்கள் பழகிப்போனார்கள். நம் நெடுந்தொடர்களின் ‘இவருக்குப் பதில் இவர்’ அட்டை இன்னும் நேர்மையானது: விஷயம் கதைக்கு வெளியே நடந்தது என்று ஒப்புக்கொண்டு, நம் சம்மதத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. அங்கே மனத்தாங்கல் இருக்கும், வழக்கு இருக்காது.

‘சார்ம்ட்’ அப்படி அட்டை காட்டி நகர முடியாத கதை. கான்ஸ்டன்ஸ் எம். பர்ஜ் உருவாக்கிய அந்த உலகத்தின் ஆணிவேர் ஓர் எண். ப்ரூ, பைப்பர், ஃபீபி என்ற மூவரும் சேர்ந்தால்தான் ‘மூவரின் சக்தி’. ஒருத்தி குறைந்தால் கதையே நின்றுவிடும். இன்னொருத்தி வந்தால் அவள் ஏன் அந்த எண்ணுக்குள் அடங்குவாள் என்று காட்டியாக வேண்டும். (ஒளிபரப்பாகாத முதல் மாதிரி எபிசோடில் ஃபீபியாக நடித்தவர் லோரி ரோம், பின்னர்தான் அலிஸா மிலானோ வந்தார். அந்த மாற்றத்துக்காக யாரும் வழக்காடியதில்லை. ஒளிபரப்பாகாதது மூலநூலில் சேராது.)

ப்ரூவின் சாவு நிகழும் எபிசோடை இயக்கியவரே டோஹெர்ட்டிதான். ஒளிபரப்பானது 2001 மே 17. அவர் விலகியதற்கான காரணத்தைச் சம்பந்தப்பட்டவர்கள் இருபதாண்டு கழித்தும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அது இங்கே நமக்கு வேண்டாம். கதையில் அசுரன் ஒருவன் அக்காவையும் தங்கையையும் சுவரோடு தூக்கி அடிக்கிறான். குணமாக்கும் வரம் பெற்ற காவல் தேவன் லியோ அந்த நேரம் அங்கே இல்லை. அவன் வந்து சேரும்போது மனைவி பைப்பருக்கு உயிர் இருக்கிறது, ப்ரூவுக்கு இல்லை. ஒரு தரப்பு லியோவைக் கூண்டில் ஏற்றியது: இரண்டாம் சீசனில் மேலிடத்து விதியை மீறிப் பைப்பரைக் காப்பாற்றி, அதற்காகத் தன் சக்தியையே இழந்தவன் அல்லவா அவன்? விதியை மீறத் தெரிந்தவனுக்கு மைத்துனிக்காக மீற ஏன் மனம் வரவில்லை? மறுதரப்பு அதே மூன்றாம் சீசனில் சில வாரங்களுக்கு முன் வந்த எபிசோடை எடுத்து வைத்தது. அதில் மரண தேவனை எதிர்த்துப் போராடும் ப்ரூவே, சாவைத் தடுக்கக் கூடாத இடமும் உண்டு என்று கற்றுக்கொள்கிறாள். எழுத்தாளர்கள் இதை முன்கூட்டித் திட்டமிட்டார்களா என்பது வேறு விஷயம். சான்று மூலத்தில் இருக்கிறது, உரைகாரருக்கு அது போதும்.

2001 அக்டோபரில் நான்காம் சீசன் திறக்கும்போது பைப்பர் மந்திரப் புத்தகத்தைப் புரட்டி, அக்காவை மீட்க ஒன்று மாற்றி ஒன்றாக மந்திரம் சொல்லிப் பார்க்கிறாள். கோடை முழுவதும் ரசிகர்கள் செய்ததும் அதுதானே: எந்த விதியில் இடுக்கு இருக்கிறது என்று துழாவுவது. தொலைந்துபோன மந்திரக்காரியை அழைக்கும் மந்திரத்தை அவள் சொல்ல, அது ப்ரூவை அழைத்துவராமல் யாருக்கும் தெரியாத இன்னொரு தங்கையை இழுத்து வருகிறது. அவள்தான் ரோஸ் மெக்கோவன் நடித்த பேஜ். தாய் பேட்டிக்கும் அவளுடைய காவல் தேவன் சாமுக்கும் பிறந்து, கைக்குழந்தையாகவே ஒரு தேவாலயத்தில் ஒப்படைக்கப்பட்டவள். இந்தச் சாமும் திடீரென்று முளைத்தவன் அல்லன். டோஹெர்ட்டியின் விலகல் பேச்சாவதற்கு வெகுமுன்பே, 1999இல், இரண்டாம் சீசனில் அவன் வந்திருந்தான். பேட்டிக்கும் அவனுக்கும் இருந்த காதலும் வெளிப்பட்டிருந்தது. குழந்தை ஒன்று பிறந்திருக்கக்கூடும் என்ற இடைவெளி அந்தக் காதலிலேயே சும்மா கிடந்தது. எழுத்தாளர்கள் பழைய ஏட்டைத் திருப்பிப் படித்து அதை எடுத்துக்கொண்டார்கள். பொருளைத் தொடாமல் நகர்த்தும் ப்ரூவின் சக்திகூட பேஜிடம் வருகிறது. ஆனால் தந்தைவழி ரத்தம் கலந்ததால் உருமாறி வருகிறது. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பொருள் ஒளித்துகளாய் மறைந்து அவள் கைக்கு வரும். நடிகர் மாற்றத்துக்குக் கதைக்குள்ளிருந்தே எழுதப்பட்ட உரைகளில் இவ்வளவு நேர்த்தியானது வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் பேஜின் வருகைக்கு எழுதிய உரை, ப்ரூவின் வராமைக்குப் போதவில்லை. தங்கைகள் முதலில் துக்கத்தை ஆற்றிக்கொள்ள வேண்டும், அக்காவைக் கண்ணெதிரே பார்த்தால் மனம் அவளைவிட்டு நகராது என்று பாட்டி காரணம் சொல்கிறார். முதல் வருடத்துக்கு இது நியாயம். துக்கம் ஆறி, குழந்தைகள் பிறந்து, ஐந்து வருடம் போன பிறகும் அதே காரணம் எப்படி நிற்கும்? நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் ‘மாறுகொளக் கூறல்’ ஒன்று. ரசிகர் சாட்டும் குற்றம் கிட்டத்தட்ட அதுவே: இறந்தவர் வரலாம் என்று விதி வகுத்துவிட்டு, ஒருத்திக்கு மட்டும் காரணம் காட்டாமல் கதவைச் சாத்தியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதெல்லாம் சாக்கு, உள்ளே இருப்பது ப்ரூ கட்சிக்கும் பேஜ் கட்சிக்கும் இடையிலான பாசப்போட்டிதான் என்று. பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பாசம் இல்லாமல் உரை எழுதியவர் யார்? ஆனால் பேஜைப் பிடிக்காதவர்கூட ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று நிறுத்துவதில்லை. ‘மூவரின் சக்தி’ பற்றிய முன்னறிவிப்பு சொன்னது இந்த மூவரையா, பிறப்பு வரிசை மாறினால் சக்தியின் வரிசையும் மாறுமா என்றுதான் கேட்கிறார். பாசமும் சட்டத்தின் மொழியில்தான் பேச வேண்டியிருக்கிறது.

நடிகர் மாற்றத்தைத் தாண்டிய கதைச் சண்டைகளிலும் இதே முறைதான். ஜூலியன் மக்மேன் நடித்த கோல், பாதி மனிதன் பாதி அசுரன். நான்காம் சீசனில், சக்தியெல்லாம் இழந்து வெறும் மனிதனாகிவிட்ட நேரத்தில், சகோதரிகளைக் காப்பாற்றப் போய், சூழ்ச்சிக்கு ஆளாகி, அசுரத் தலைவனின் ஆவியைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறான். அதன்பின் அவன் செய்த தீமைக்குப் பொறுப்பாளி யார்? மனைவி ஃபீபி அவனை மன்னிக்கவில்லை. தொடரும் அவள் பக்கமே நின்று, ஐந்தாம் சீசனில், நூறாவது எபிசோடில் அவனை அழித்தது. ஃபீபியின் தீர்ப்பு செல்லாது என்று வாதாடுபவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் எடுத்து வைப்பது மக்மேனின் அழகை அல்ல, அந்தச் சூழ்ச்சிக் காட்சியை. எனக்கும் தொடர் இங்கே தன் சான்றைத் தானே மறந்துவிட்டதாகத்தான் படுகிறது.

எட்டாம் சீசனில் செலவுக் குறைப்பு வந்தது. லியோவாக நடித்த பிரையன் க்ராஸை எல்லா எபிசோடுகளிலும் வைத்திருக்க முடியவில்லை. கதையில் லியோ உறைந்துபோகிறான். இறுதிப்போர் முடியும்வரை அவன் திரும்ப முடியாது என்பது பைப்பருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. இதன் பின்னால் இருப்பது பணம் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் இதை எதிர்த்து எழுந்த குரல் ப்ரூ விஷயத்தைவிடத் தணிவானது என்பது என் கணிப்பு. நிபந்தனைக்கு ஒரு முடிவு இருந்தது, லியோ திரும்பியும் வந்தான்.

2018இல் வேறு நடிகர்களோடு சிடபிள்யூ அலைவரிசை எடுத்த புதிய ‘சார்ம்ட்’ இந்தச் சிக்கலை அச்சு மாறாமல் மறுபடி சந்தித்தது. மூத்தவள் மேஸியாக நடித்த மேடலின் மன்டாக் மூன்றாம் சீசனோடு விலகினார்; மேஸி இறந்தாள்; 2022இல் நான்காம் சீசனில் லூசி பாரெட் புதிய மூன்றாமவளாக வந்தார். பழைய வழக்கின் தீர்ப்பையே எழுத்தாளர்கள் முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டதுபோல இருந்தது. 2010இல் தொடங்கி பழைய கதையைத் தொடர்ந்த படக்கதை இதழ்களோ ப்ரூவையே கொண்டுவந்தன, வேறொருத்தியின் உடலில். காகிதத்தில் நடிகர் தேவையில்லை.

தொலைக்காட்சி ஒரே ஒருமுறை அந்த விளிம்புவரை வந்தது. 2003இல் ஒளிபரப்பான ஓர் எபிசோடில் ஃபீபியும் பேஜும் பைப்பரின் நினைவுகளுக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். கடந்தகாலம் என்றால் ப்ரூ இருந்தே ஆக வேண்டும்; கதையின் விதி அப்படி. நடிகரின் முகத்தைக் காட்ட அவருடைய ஒப்புதலும் ஊதியமும் வேண்டும். தொழிலின் விதி அப்படி. ப்ரூ வருகிறாள். கேமரா அவள் முதுகை மட்டும் காட்டுகிறது.